வாத்து வராத ஏழு நிமிஷம்

பேட்டையில் எங்கள் தெருப் பக்கம் போய், ‘வாத்துக்காரி வீடு எது?’ என்று கேட்டால் இன்றைக்கும் யாராவது ஒருவர் கையைக் காட்டுவார். நான் வாத்து வளர்த்ததில்லை, விற்றதில்லை, தின்றதும் இல்லை. எங்கள் சைவ வீட்டில் கோழிமுட்டையே அடுப்படிக்குத் தெரியாமல்தான் வந்து போகும். ஆனால் தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருஷம், தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, இருநூற்றுச் சொச்சம் வீட்டு டி.வி. பெட்டிகளில் ஒரு வாத்து பேசியது. அந்தக் குரல் என்னுடையது. இதைச் சொல்லும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிரும். பெருமைப்படாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

அண்ணன் கேபிள் டி.வி. நடத்தினான். மொட்டை மாடியில் ஒரு பெரிய டிஷ், அதற்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. அதற்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெயர். பெயர்தான் பெரிசு, உள்ளே இரண்டு வி.சி.ஆர்., ஒரு டி.வி., அறிவிப்புச் சொல்ல ஒரு மைக், சுவரோரமாகக் கேசட் அலமாரி, அவ்வளவுதான். அண்ணன் பொழுது முழுக்க வயர்ச்சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பத்திலும் மாடியிலும் ஏறி இறங்குவான். அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பி.ஏ. முடித்துவிட்டு வரனுக்காகக் காத்திருந்த காலம் அது. வரன்கள் ஆடி அசைந்து வந்தன. கேசட்டுகள் வேகமாக வந்தன.

ஐந்து மணிக்குப் பிள்ளைகளுக்காக அரை மணி நேரம் கார்ட்டூன். மதுரையில் ஒரு வீடியோ கடையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வரும். ரொம்பப் பழைய படம். ஒரு குளம், குளத்தில் ஒரு முதலை, ஒரு வாத்து. வாத்தைத் தின்ன முதலை ஏழு நிமிஷம் பாடுபடும், கடைசியில் முடியாது. எத்தனை படம் போட்டாலும் இதேதான் கதை. முதலையின் தலையில் பாறை விழும், வாலில் தீப்பிடிக்கும், அப்பளமாகத் தட்டையாகிவிடும், மறு நிமிஷம் உடம்பை உதறிக்கொண்டு எழுந்துவிடும். அந்தக் குளத்தில் யாரும் சாகவே மாட்டார்கள். நடுநடுவே இரண்டும் இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது. எனக்கும் பாதிதான் புரியும். பி.ஏ. என்று சொன்னேனே தவிர, என்ன பி.ஏ. என்று சொல்லவில்லையே.

ஒரு நாள் அன்றைய சினிமாவை அறிவித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்துபோனேன். கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. முதலை பாறை மேல் பதுங்கிப் பதுங்கி வந்தது. என் வாய் சும்மா இருக்குமா? “அண்ணாச்சி, எங்க போறிய? பைய வாங்க, பாறை வழுக்கும்லா” என்றேன் வாத்துக்காக. முதலை வழுக்கி விழுந்தது. கீழே தெரு முழுக்க ஒரே சமயத்தில் சிரிப்புச் சத்தம். அப்போதுதான் மைக்கில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அதுவே வேலையாகிவிட்டது. வாத்து ‘அண்ணாச்சி’ என்று மரியாதை குறையாமல் கூப்பிட்டுக்கொண்டே முதலை தலையில் கல்லைப் போடும். முதலைக்கு ஒரு கட்டைக் குரல் வைத்திருந்தேன். “ஏலே வாத்து, இன்னைக்கு ஒன்ன விட்டனா பாரு!” எங்கள் கணக்கில் அந்தக் குளம் தாமிரபரணிதான், குறுக்குத்துறைப் படித்துறைக்குக் கொஞ்சம் மேற்கே. மத்தியானமே கேசட்டை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, எங்கே என்ன பேசுவது என்று மனசில் வாங்கிக்கொள்வேன். பேசும்போது ஃபேனை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று மைக்கில் இரையும். பக்கத்துப் பட்டறைகளில் இரும்பு தட்டுகிற சத்தத்தை என்ன செய்வது? “அண்ணாச்சி வீட்ல கட்டட வேலை நடக்கு போல” என்று வாத்து சொல்லிவிடும். கடைக்குப் போய்க் கத்தரிக்காய் என்ன விலை என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் தராசை விட்டுவிட்டு, “வாத்தா?” என்பார். எனக்கு அது பட்டாபிஷேகம்.

அண்ணன் மகள் எப்போதும் என் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருப்பாள். ஐந்து வயது. மைக் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். சிரிப்பு வந்தால் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொள்வாள்.

அவளுக்கு அம்மா இல்லை. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல், ஒன்பதே நாள், மதினி போய்விட்டாள். மதினிக்குப் பிறந்த ஊர் நாங்குநேரி. அந்த ஒன்பது நாளும் பிள்ளையை அங்கேதான் விட்டிருந்தோம். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் கூட்டிவந்தோம். வந்ததும் வீடு முழுக்கச் சுற்றிவிட்டு, “அம்மாவ எங்க?” என்றாள். “வைத்தியத்துக்கு மெட்ராஸ் போயிருக்கா” என்றான் அண்ணன். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். செத்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு ஊருக்குப் போயிருப்பார்கள். கொஞ்ச நாளில் பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும். மறந்துவிட்டது என்று பெரியவர்கள் நிம்மதி அடைவார்கள்.

பொய் சொல்வதில் எங்கள் தெரு ஒற்றுமையான தெரு. ஆனால் என்ன பொய் என்று கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு அத்தை, “பம்பாய்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கா” என்றாள். பால்காரம்மா, “சாமிட்ட போயிருக்கா தாயி” என்றாள். சாமி என்றால் இவளுக்கு நாங்குநேரிக் கோயில்தான். அடுத்த தடவை நாங்குநேரி போனபோது கோயிலில் ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். கண்ணாமூச்சி விளையாடுகிறாள் என்று நினைத்து அவள் மாமனும் கூடவே ஓடியிருக்கிறான்.

என் பொய்யை இன்னும் சொல்லவில்லை. எல்லாப் பொய்யிலும் அதுதான் பெரிசு. தை மாதம் பிள்ளைக்குப் பிறந்தநாள். “அம்மா போன்லயாவது பேசுவாளா?” என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். அண்ணன் மாடிக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், “ஏட்டி, ஒனக்குத்தான் எல்லாக் கொரலும் வருமே” என்றான்.

எனக்குப் புரிந்தது. பற்றிக்கொண்டு வந்தது கோபம். “இதுக்கா நான் கொரல் வச்சிருக்கேன்?” என்றேன்.

“ஒரு தடவட்டி. ஒரே ஒரு தடவ.” கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையில் தொங்குகிற மனுஷன், பூத்துக்கு வேண்டிய சில்லறையை எண்ணி என் பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், எதிர்வீட்டு போனுக்கு அடித்தேன். பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். மதினி எந்தப் பேச்சையும் கொஞ்சம் இழுத்துத்தான் முடிப்பாள். சிரித்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருக்கும். அது எனக்கு அச்சு அசலாக வந்தது. “சாப்பிட்டியாட்டி? அத்தையப் படுத்தாம இரி. அம்மா வந்துருவேன்” என்றேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

பிள்ளை வீடு வீடாக ஓடி, “எங்கம்மா பேசுனா! எங்கம்மா பேசுனா!” என்று சொன்னாள். கேட்டவர்கள் எல்லோரும், “அப்படியாட்டி!” என்று சிரித்தார்கள். அன்று சாயங்காலம் எனக்கு வாத்துக் குரல் வரவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன். அதுவும் பொய்தான். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, தொண்டையில் இறங்கத்தான் இல்லை. அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு தடவை “அம்மா வந்துருவேன்னு சொன்னால்லா” என்று ஆரம்பிக்கும்போதும் நான் கேசட் அலமாரியை அடுக்கப் போய்விடுவேன்.

பங்குனி கடைசியில் மதுரையிலிருந்து புதுக் கேசட் வந்தது. மத்தியானம் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் கரண்டு இல்லை. பன்னிரண்டு மணிக்குப் போனது, ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வந்தது. இதில் என்ன புதுசாக இருந்துவிடப் போகிறது, அதே பாறை, அதே வால் என்று தைரியமாகக் கேசட்டை உள்ளே தள்ளினேன்.

முதல் படம் வழக்கம்போலப் போனது. இரண்டாவது தொடங்கியது. வாத்து நீந்தி வந்தது. “அண்ணாச்சி, சாப்பிட்டாச்சா?” என்றேன். முதலை ஒரே பாய்ச்சல். வாயை மூடியது. இரண்டு இறகு மேலே பறந்து மெதுவாகத் தண்ணீரில் இறங்கின.

சரி, இருமினால் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். “அண்ணாச்சி, உள்ள ஒரே இருட்டா கெடக்கே, லைட்டப் போடுங்க” என்று வாத்துக் குரலில் சொன்னேன். தெருவில் சிரித்தார்கள். வாத்து வெளியே வரவில்லை. முதலை கரையேறி ஏப்பம் விட்டுப் படுத்தது. சூரியன் இறங்கியது, மறுபடி ஏறியது. முதலை எழுந்து வழக்கமாகப் பதுங்கும் இடத்தில் போய்ப் பதுங்கிக்கொண்டது. யாரும் வரவில்லை. ஒரு பாறையைத் தானே உருட்டி மேட்டில் ஏற்றிவிட்டு, கீழே வந்து அதற்கு நேராக நின்று, தலையில் விழட்டும் என்று அண்ணாந்து பார்த்தது. விழவில்லை. தள்ளுவதற்கு ஆளில்லை. வாத்தியச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். பிறகு முதலை கரைக் களிமண்ணில் ஒரு வாத்து செய்தது. அந்த இரண்டு இறகையும் தேடி எடுத்து அதன் முதுகில் குத்தியது. தண்ணீரில் மிதக்க விட்டது.

இவ்வளவும் சிரிப்புப் படத்தில். எவன் எடுத்தானோ, அவன் வீட்டில் என்ன நடந்திருந்ததோ! நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழே தெருவில் சத்தமே இல்லை. பிள்ளைகள் எல்லாம் வாத்து பேசுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். பழகின பொய் தானாக வாய்க்கு வந்தது. “வாத்து ஊருக்குப் போயிருக்கு பிள்ளைகளா. வந்துரும்.”

முக்காலியில் இருந்தவள் வாயிலிருந்து பாவாடையை எடுத்தாள். “இல்ல அத்த. முதல தின்னுட்டு. நான் பாத்தேன்.”

“இல்லட்டி, ஊருக்கு…”

“எங்கம்மா மாதிரியா?”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைக்க ஒரு விரல் போதும். பின்னால் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அன்றைக்கு மைக்கை அணைக்க மறந்துவிட்டாயா என்று. முதல் நாள் மறந்தேன், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு மறக்கவில்லை. விரல் ஸ்விட்சின் மேல்தான் இருந்தது. தெருவே சேர்ந்து சொன்ன பொய், தெருவுக்கே கேட்கட்டும் என்று நினைத்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

“வாத்து செத்துப்போச்சுட்டி. இனி வராது” என்றேன்.

“அம்மா?”

“அம்மாவும் செத்துப்போயிட்டா. ஐப்பசியில, காய்ச்சல் வந்து. நீ நாங்குநேரில இருந்தேல்லா, அப்ப.”

“மெட்ராஸ்ல இல்லையா?”

“இல்ல.”

“பம்பாய்ல?”

“எங்கயும் இல்லட்டி.”

அவள் விரலை மடக்கி ஊர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “அப்ப, போன்ல பேசுனது?”

அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. “நான்தான் பேசுனேன். அம்மா கொரல்ல. தப்புதான், பேசியிருக்கக் கூடாது.”

“வாத்துக்குப் பேசுவியே, அது மாதிரியா?”

“ஆமா. அது மாதிரிதான்.”

டி.வி. பக்கம் திரும்பினாள். அதில் களிமண் வாத்து கரைந்து உள்ளே போயிற்று. இரண்டு இறகு மட்டும் மிதந்தது. “நான் தேடிக்கிட்டே இருந்தேன் அத்த” என்றாள். பிறகுதான் அழுதாள். கேசட்டை நிறுத்திவிட்டு, அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். வாத்துக் குரலையும் முதலைக் குரலையும் மட்டுமே கேட்டிருந்த தெரு, அன்றைக்கு என் சொந்தக் குரலைக் கேட்டது.

அண்ணன் அப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் வயர் முறுக்கிக்கொண்டிருந்தான். அந்த வீட்டு டி.வி.யிலிருந்து தன் மகள், “எங்கம்மா மாதிரியா?” என்று கேட்டது அவன் காதில் விழுந்திருக்கிறது. சைக்கிளையும் செருப்பையும் அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான். மாடிப்படியில் விழுந்த காலடிச் சத்தத்திலேயே எனக்கு அடி நிச்சயம் என்று தெரிந்துவிட்டது. வாசலில் நின்று, “ஏட்டி, ஒனக்கு அறிவிருக்கா?” என்று கையை ஓங்கினான்.

பிள்ளை என் மடியிலிருந்து இறங்கினாள். நேராகப் போய் ஓங்கின கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, ஒக்காருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

என்ன தோன்றியதோ, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அம்மா மெட்ராஸ்ல இல்லையாம்ப்பா. செத்துப்போயிட்டாளாம். ஒங்களுக்கு யாரும் சொல்லலல்லா?” என்றாள். சொல்லிவிட்டு, அவன் அழுவதற்கு முன்னாலேயே, அவன் முகத்தைத் தன் பாவாடையால் துடைக்க ஆரம்பித்தாள்.

மதினிக்குக் கொள்ளி வைத்த அன்றும் அண்ணன் அழவில்லை. ஐந்து மாத அழுகையை அந்த ஐந்து வயசுக்காரியின் தோளில் வைத்து அழுதான். நான் எட்டி மைக்கை அணைத்தேன். அது தெருவுக்குக் கேட்க வேண்டியதில்லை.

அரை மணி நேரத்தில் எதிர்வீட்டு அத்தை வந்துவிட்டாள். “பச்சப் பிள்ளட்ட சொல்லுத சொல்லாட்டி இது?” என்று கையை ஆட்டினாள். “பம்பாய்ல அந்தப் பெரியம்மா வீடு எங்க இருக்குன்னு சொல்லுங்க, நாளைக்கே பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். வந்த வழியே போய்விட்டாள். இரண்டு வீட்டில் கனெக்ஷனைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், கழற்றினோம். பால்காரம்மா மறுநாள் காலையில் வந்து, பிள்ளைக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, “எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியல தாயி” என்றாள். அவள் மேல் இன்றுவரை எனக்கு மரியாதை உண்டு.

மறுநாள் கரண்டு இருந்தது. மத்தியானமே கேசட்டில் மிச்சமிருந்ததை ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் வாத்து உயிரோடு வந்துவிட்டது. அதே குளம், அதே பாறை, ஒன்றுமே நடக்காதது மாதிரி நீந்துகிறது. கார்ட்டூன்காரனுக்கு என்ன, அவனுக்கு நேற்று என்பது கிடையாது. நான் அல்லவா ‘இனி வராது’ என்று ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைக்கு மறுபடியும் ஆசை வந்துவிட்டால்? அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேறு ஏதாவது போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“இனி அவகிட்ட எதையும் மறைக்காண்டாம்ட்டி. போடு” என்றான். ஐந்து மணிக்கு அவனும் வந்து எங்களோடு உட்கார்ந்துகொண்டான்.

படம் ஓடியது. வாத்து நீந்தி வந்தது. எனக்கு ‘அண்ணாச்சி’ என்ற ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. முக்காலியிலிருந்து எழுந்து வந்தவள், ஒப்பந்தத்தையெல்லாம் மீறி, மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எல்லாரும் கேளுங்க. வாத்து திரும்பி வரல. இது அதுக்கு முந்தி எடுத்த படம். நீங்க சிரிக்கலாம்” என்றாள்.

முதலை தலையில் பாறை விழுந்தது. தெரு சிரித்தது. அவள் பாவாடை நுனியை வாயில் திணித்துக்கொண்டாள். ஐந்து வயசில் இவளுக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. இன்றைக்கும் யாராவது என் வாத்தைப் பற்றிப் பேசினால் நான் இவளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன்.

படம் முடிந்ததும் அண்ணன் எழுந்து அலமாரியின் கடைசித் தட்டில் கைவிட்டான். ஐந்து மாதமாகப் பெயர் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த ஒரு கேசட்டை எடுத்தான். அவனுடைய கல்யாணக் கேசட். தெருவுக்குப் போகும் வயரைப் பிடுங்கிவிட்டு எங்கள் டி.வி.யில் மட்டும் ஓடவிட்டான். மாலையும் கழுத்துமாக மதினி. பக்கத்தில் பட்டுப்பாவாடையில் நான், வளவளவென்று ஏதோ பேசிக்கொண்டிருக்கிறேன். மதினி என் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். கல்யாணக் கேசட்டில் யார் பேச்சு கேட்கும்? மேலே நாதஸ்வரம்தான் போட்டிருந்தார்கள்.

“அம்மா என்ன சொல்லுதா அத்த?” என்றாள்.

எனக்கு நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறந்தேன். அவள் அவசரமாக என் வாயைக் கையால் பொத்தினாள்.

“அம்மா கொரல் வேண்டாம். ஒன் கொரல்லயே சொல்லு.”

“ ‘ஒன் நாத்தனா வாய அடைக்கணும்னா ஒரு பந்திக்கு உள்ள லட்டும் பத்தாது போலயே’ன்னு சமையக்காரரு சொன்னாராம். அத என்கிட்ட சொல்லிட்டு ஒங்கம்மா சிரிக்கா” என்றேன், என் குரலிலேயே.

அவள் டி.வி.யைப் பார்த்தபடியே சிரித்தாள். “மறுபடியும் போடுங்கப்பா” என்றாள்.